நரிக்கண்டலின் ஒரு கொத்துப் பூ

ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கு ஒருமுறை தான் சாகவில்லை என்று அரசுக்கு நிரூபிக்க வேண்டும். நேரில் போய் நின்று கும்பிட்டுத் தும்மினாலும் செல்லாது. விரல் ரேகை விழ வேண்டும். போன வாரம் அதற்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கருவூலத்துக்குப் போனேன். இயந்திரம் என் கட்டைவிரலை மதிக்கவில்லை.

"ரேகை தேஞ்சுபோச்சு சார். செத்த நேரம் வெளிய உக்காருங்க, பொறவு மத்த விரலப் பாப்போம்" என்றார் அங்கிருந்த பெண்.

வெளியே உட்கார்ந்தேன். எதிர்க்கடையின் பின்கட்டில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தார்கள். சுண்டும் பாலும் விறகுப் புகையும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அது வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு முழங்கால் வரை சேறு ஏறும்.

கண்மாய்ச் சேறு இல்லை, கடல் வந்து போகும் கழிமுகத்துச் சேறு. தாவர ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூத்துக்குடிப் பக்கம் என்னென்ன அலையாத்தி இனங்கள் நிற்கின்றன என்று கணக்கெடுக்க அனுப்பினார்கள். மில் சங்கு தவிர வேறு ஓசை அறியாத ராஜபாளையத்தானைக் கடலுக்கு அனுப்பலாம் என்று எந்த மேதைக்குத் தோன்றியதோ! துணைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் குருசாமி. அவன் வீட்டில் பால்கோவாத் தொழில்.

தண்ணீர் வற்றும் நேரம் படகைவிட்டு இறங்குவோம். சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக வானத்தைப் பார்த்து நிற்கும். இலைகளின் மேல் உப்பு பூத்திருக்கும். நக்கிப் பார்ப்போம், அதற்கு விதிமுறையில் இடமில்லை என்றாலும். அசையாமல் நின்றால், எங்களையும் மரமென்று நம்பி நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும். சேறு மெல்லக் குமிழ்விடும். வந்த வேலை மறந்துபோகும்.

அப்படி மறந்து நின்ற ஒரு மத்தியானம்தான் அந்த மரத்தைப் பார்த்தோம். அந்தக் கழிமுகம் முழுக்க ஒரே ஒரு நரிக்கண்டல். ஆள் உயரம்தான். பருவத்துக்கு முந்திக்கொண்டு ஒரே ஒரு கொத்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பளத்துக்காக அந்தக் கரையை அளக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அரிய இனம் என்று பட்டியலில் ஏறினால் அளவுக்கல்லைத் தள்ளி நட வைக்கலாம் என்று எங்கள் அதிகாரி சொல்லியிருந்தார். ஆனால் கண்ணால் கண்டது சாட்சி ஆகாது. பூவோடு ஒரு கிளையை வெட்டி, காகிதத்தில் அழுத்தி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். மரம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதன் உலர்ந்த பிணம் சாட்சி. முறையில் குறை சொல்ல முடியாது. நானே பிற்பாடு அந்த முறையைப் பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

வெட்டினோம். அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. பழைய செய்தித்தாளை எத்தனை முறை மாற்றினாலும் ஈரம் போகவில்லை. இலை ஓரம் கறுக்கத் தொடங்கியது.

"எங்க வீட்டு அடுப்படிக்குப் போயிருவோம்டா. மழையாவது, ஒண்ணாவது" என்றான் குருசாமி.

பலகைகளுக்கிடையே கட்டிய கிளையோடு பஸ் ஏறினோம். அவன் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஏலே, கடல் சேத்தையும் உப்பையும் கொண்டாந்து அடுப்புக்கிட்ட வைக்கியே, பாலு திரிஞ்சா ஒங்க ஆபீசரா வந்து குடிப்பாரு?"

ஆனாலும் விறகு காயவைக்கும் பரணில் இடம் கொடுத்தார். மூன்றாம் நாளும் மழைதான், ஆனாலும் பரணில் கிளை சருகாகக் காய்ந்திருந்தது. பூ உதிரவில்லை, இதழ்கூட மடங்கவில்லை. இரண்டு நாள் பால் ஆவி குடித்து இனிப்பாக மணந்தது. "கோவாலயே செஞ்ச மாதிரி இருக்குடா" என்று குருசாமி பூரித்துப்போனான்.

இந்த ஊர்க்காரன் ஒருவனும் வெறுங்கையோடு அலுவலகம் போகமாட்டான். குருசாமி அதிகாரிக்கு ஒரு பொட்டலம் சூடான பால்கோவா கட்டினான். பையில் கிளைக்குப் பக்கத்திலேயே வைத்தான். நசுங்கக் கூடாதே என்று நான்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி முதலில் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அப்புறம் பலகையைப் பிரித்தார். சாரை சாரையாக எறும்பு. இலைகள் பத்திரம். பூ இருந்த இடத்தில் மொட்டைக் காம்பு.

"கோவா பிரமாதம்யா. பூ எங்க?"

நாங்கள் பூ இருந்ததென்று சத்தியம் செய்தோம். அவர் நம்பினார், நல்ல மனிதர். நம்பிக்கையைக் கோப்பில் ஒட்ட முடியாதே! "பருவத்துல இன்னொரு கிளை கொண்டாங்க" என்றார்.

பருவத்தில் போனோம். கரை கட்டியிருந்தார்கள். மூச்சுவேர்கள் நின்ற இடத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் கிடந்தது. குருசாமி குனிந்து ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்தான். அவனும் இப்போது இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு விரலாக வைத்தேன். கடைசியில் இடது சுண்டுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"சார், நீங்க உயிரோட இருக்கீங்க!" என்று அந்தப் பெண் சிரித்தார்.

எனக்கு நீட்டுவதற்குப் பத்து விரல் இருந்தது. அந்த மரத்துக்கு ஒரு கொத்துப் பூதான்.