இலையில்லாத அடம்பம்பூ

நீர் பொய் சொன்னீர். பள்ளிக்கூடப் பரிசளிப்பு மேடையில் மாலையும் கழுத்துமாக நின்று, "இந்தக் கடற்கரைச் சனத்துக்கு அடம்பன் எது, மற்றக் கொடி எது என்று தெரியாது. அதனால் வந்த எல்லைச் சண்டையை வன்னியனாராக இருந்த என் அப்பாதான் தீர்த்துவைத்தார்" என்று சொன்னீர். பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து நான் கேட்டேன். எனக்குக் கண்தான் மங்கல், காதுக்கு ஒன்றுமில்லை.

வாசிக்கிற நண்பரே, உங்களோடு எனக்குக் கோபமில்லை. நீங்கள் இருங்கள்.

அந்த மேடைக் காலில் பிள்ளைகள் அடம்பன் கொடியைச் சுற்றியிருந்தார்கள். எங்கே பிடுங்கினார்களோ. போகிற போக்கில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். பச்சை வாடை, கொஞ்சம் உப்பு, விரலில் பால் பிசுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செட்டிபாளையத்துக் கடற்கரையில் கரைவலை இழுத்த காலத்தில் என் கையெல்லாம் இந்த வாடைதான். வலையோடு வருகிற, கூழ் மாதிரியான சொறிமீன் பட்டுத் தோல் எரிந்தால் இந்த இலையைத்தான் தேய்ப்போம். அப்போது எனக்கு உடம்பில் பலம் இருந்தது, தலைக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. கயிற்றை இழு என்றால் இழுப்பேன், விடு என்றாலும் கொஞ்ச நேரம் இழுப்பேன்.

எங்கள் கரையில் இரண்டு கொடி. வடக்கே, ஊரார் வலை இழுக்கிற மணலில் அடம்பன். தடித்த இலை, நுனி ஆட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். தெற்கே, பெரிய நிலக்காரரான போடியாரின் தென்னங்காணிப் பக்கம் அதன் தங்கச்சி. இலை மெல்லிசு, நுனி வெற்றிலை போலக் கூர். பூ இரண்டுக்கும் ஒரே ஊதா, ஒரே புனல், விடிய விரிந்து வெயில் ஏறச் சுருண்டுவிடும். இலையென்றால் குருடனும் தடவிச் சொல்வான். சுருண்ட பூவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் ஏலாது.

பிளந்த இலை ஊருக்கு, கூர் இலை போடியாருக்கு. கல்லும் கம்பியும் கிடையாது, கொடிதான் எல்லை. கொடி ஊராதா என்று கேட்பீர்கள். ஊரும். மாரி முடிய இரு பகுதியும் கூடி, தாண்டி வந்ததைப் பிடுங்கி எறிவோம். ஒரு வருஷம் போடியார் கொடி பிடுங்க வரவில்லை, வேலியோடு வந்தார். எங்கள் மணலில் பாதி போயிற்று. வலை ஏற்ற இடமில்லையென்றால் எங்கள் வீடுகளில் உலை ஏறாது.

ஊருக்கு நீதி சொல்கிறவர் வன்னியனார். போடியார் அவருடைய மச்சான். இருந்தும் அவரிடம்தான் முறையிட்டோம். "ரெண்டு பக்கத்துப் பூவும் எடுத்து வையுங்க, விடிய வாறன்" என்று சொல்லியனுப்பினார்.

பெரிய மனிதர் வருகிறார் அல்லவா! வெள்ளை விரித்தோம், பித்தளைத் தட்டு துலக்கினோம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, இலையும் காம்பும் ஒட்டாமல் கிள்ளச் சொன்னார்.

"கோயிலுக்கு வைக்கிற மாதிரி வையுங்கடா. குப்பை கூளத்தோடயா ஐயாக்கு நீட்டுற?"

எங்களைத் தின்றது அந்த மரியாதைதான்.

வன்னியனார் உச்சி வெயிலில் வந்தார். பூவெல்லாம் சுருண்டு கிடந்தது. இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டினார். "இப்ப பிரிச்சுக் காட்டுங்க" என்றார். நாங்கள் ஒவ்வொரு பூவாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தோம்.

"ரெண்டும் ஒண்டுதான். எல்லை எண்டு ஒண்டு இல்ல. வேலி இரிக்கட்டும்."

என் அக்கா நாகம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். வலையில் மீன் பிரிக்கிறவள், வாயும் கத்திதான். கையில் இரண்டு கொடி, வேரோடு.

"இலையப் பாருங்க ஐயா."

"பூவைத்தானே புள்ள கேட்டன். இலைய ஆரு கேட்டது?"

"மூஞ்சிய மூடிப்போட்டு ஆள் ஆரெண்டு கேக்கிறயளே!"

"வாயப் பொத்து புள்ள" என்றார் சம்மாட்டி.

"பொத்தமாட்டன் மாமா. நீங்கதானே மூடிக் குடுத்த!"

சிரிப்பு எழுந்தது. வன்னியனாருக்கு முகம் சிவந்தது. அக்காவின் கையிலிருந்த கூர் இலைக் கொடியைப் பிரம்பால் தட்டிவிட்டுக் கத்தினார்: "என்ர மச்சான்ட கொடியில ஆரைக் கேட்டடி கை வெச்ச?"

அக்கா குனிந்து, விழுந்த கொடியை எடுத்து அதன் கூர் இலையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவர் குடையையும் மறந்து வண்டியில் ஏறினார். தீர்ப்பை மட்டும் மறக்கவில்லை. வேலி நின்றது.

மறுநாளே அக்காவும் பெண்களும் வேலியைப் பிடுங்கினார்கள். நாங்கள் வலை இழுத்தோம். திரும்ப நட்டார்கள், திரும்பப் பிடுங்கினோம். கடைசியில் பொலிஸ் வந்து காவல் நின்றது. மணலைக் கொத்தித் தென்னம்பிள்ளை வைத்தார்கள். இன்று அந்தக் கரையில் பிளந்த இலையும் இல்லை, கூர் இலையும் இல்லை. மாரி முடியக் கூடுகிற வழக்கமும் இல்லை. வலையை விற்றார்கள். அக்காவும் போய்விட்டாள்.

தெரியாதவர்கள் நாங்கள் என்றீர். சரி. இரண்டும் ஒன்றென்றால், அக்காவின் கையிலிருந்த இரண்டில் மச்சானுடைய கொடி எதுவென்று உம்முடைய அப்பா எப்படிக் கண்டார்? எனக்குத் தனியாக வந்து சொல்ல வேண்டாம். அதே மேடையில் ஏறி, அதே பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லும்.