கதவுக்கு அடியில் ஒரு நதி

ஞாயிறுதோறும் அபிராமபுரத்தில் என் வீட்டில் நண்பர்கள் கூடி மேற்கத்திய இசை கேட்போம். ஒரு நதியைச் சித்திரிக்கும் சிம்பொனி என்றால் எங்களுக்கு உயிர்.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பாஸ்கரன், மறைந்த தன் மனைவிக்கும் அது பிடித்த இசை என்று சொல்லி ஒருநாள் வந்தார். படுக்கையில் கிடந்த அந்த அம்மாளை அடையாற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இசையில் நதி பொங்கும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடலாமென்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

தொடக்கத்தில் ஒற்றைப் புல்லாங்குழல் மெல்லக் கசிந்தது. அவர் சட்டென்று கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

“இப்படித்தான் சார் வந்துச்சு. கதவுக்கு அடியில, சத்தமே இல்லாம. துணியை வெச்சு அடைச்சுட்டு, ‘ஒண்ணுமில்ல, நீ தூங்கு’ன்னு அவகிட்ட சொன்னேன்.”

இன்றும் அந்த இசையைக் கேட்கிறேன். புல்லாங்குழல் தொடங்கியதும் என் கண் வாசற்கதவின் அடியில் போய் நின்றுவிடுகிறது.