பத்து நிமிஷம் பிந்தி வரும் அதிர்வு

நிலநடுக்கம் வராத ஊரில் நிலநடுக்கத்துக்குக் காவலிருப்பதுதான் என் தொழில். பஸ் வராத தரிப்பிடத்தில் நேரம் எழுதுகிறவர், மழை பெய்யாத மாதத்தில் மழை அளக்கிறவர், ஆளில்லாத வாசலில் காவல் நிற்கிறவர் எல்லோரும் என் இனத்தார். என் கதை உங்களுக்குத்தான் விளங்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறான் என்று நீங்களும் பேச்சு வாங்கியிருப்பீர்கள்.

இரணைமடுவுக்குத் தெற்கே, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், பாறை தட்டும்வரை தோண்டிய ஒரு குழி இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னப் பானை அளவில் கருவி. நிலம் அசைந்தால் அது உணர்ந்து பக்கத்து அறைக்குக் கம்பி வழியே சொல்லும். அறையில் இருக்கிற திரையில் கோடு ஆடும். கோடு நேராகப் போனால் உலகம் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த அறையில் ஒரு கதிரை, ஒரு உலகப் படம், நான். ஊர் எனக்கு வைத்த பெயர் நடுக்கத்தார்.

வயலும் திரையும்

நான் வேலைக்கு வந்த முதல் அறுவடையில் கோடு ஒரு நாள் முழுக்கக் கிறுக்கித் தள்ளியது. உலகம் அழியப் போகிறதென்று கொழும்புத் தலைமையகத்துக்குப் போன் எடுக்க இருந்தேன். வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வயலில் நெல் வெட்டும் மிசின் இறங்கியிருக்கிறது. வெகு தூரத்து நடுக்கத்தைக் கேட்கிற கருவிக்கு, பக்கத்தில் மாடு தும்மினாலும் காது கிழியும். யானை வந்துபோனால் அதன் நடையும் கோட்டில் விழும். மிசின் எந்த வயலில் ஓடுகிறது என்பதைக் கோட்டின் தடிப்பைப் பார்த்தே சொல்லக் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டேன்.

குழிக்குப் பக்கத்து வயற்காரர் பொன்னம்பலம் அண்ணை ஒரு நாள் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். கிழக்கே ஓடுவது இது, வாய்க்காலுக்கு அப்பால் ஓடுவது இது என்று பெருமையாகக் காட்டினேன். அண்ணை பெரிதாக வியக்கவில்லை. "எல்லாற்ற வயலிலயும் மிசின் ஓடுறது உனக்கு இஞ்ச இருந்தே தெரியுதெண்டா, என்ர வயலுக்கு மட்டும் ஏன் கடைசியா வருகுது எண்டும் ஒருக்கா அதிட்டயே கேட்டுச் சொல்லு, தம்பி."

அங்கே ஏழு, இங்கே எத்தனை?

தூர தேசத்தில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் சந்தித் தேத்தண்ணிக் கடையில் எனக்கு மரியாதை கூடும். கடைக்காரர் ரத்தினம் அண்ணை தானே வாங்குப் பலகையைத் துடைத்து இடம் தருவார். அன்றைக்கு அளவு ஏழு என்று ரேடியோ சொன்னது. அங்கே ஏழு என்றால் எங்களுக்கு எத்தனை வந்தது என்று கேட்டார். எல்லாருக்கும் வருகிற மயக்கம்தான். கோயில் ஒலிபெருக்கியை வைத்து விளங்கப்படுத்தினேன். பெட்டி எவ்வளவு பெரியது என்பது ஒரு கணக்கு. அது எந்த ஊரிலிருந்து கேட்டாலும் மாறாது. அதைத்தான் ரேடியோ ஏழு என்கிறது. உங்கள் வீட்டில் எவ்வளவு கேட்கிறது என்பது வேறு கணக்கு. கோயில் மதிலோடு இருக்கிறவனுக்குக் காது அடைக்கும், குளக்கட்டில் நிற்கிறவனுக்கு முணுமுணுப்பு. இந்த இரண்டாவது கணக்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்.

ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது, ஏழில் நிலம் பத்து மடங்கு கூட ஆடும், வெளிவருகிற சக்தி முப்பது மடங்குக்கும் மேல் என்றும் சொன்னேன். ரத்தினம் அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அங்க ஏழு, இஞ்ச வந்து சேரேக்க ஒண்டுமில்லை. கொழும்பில இருந்து எங்களுக்கு வாற எல்லாமும் அப்பிடித்தானே, தம்பி."

பஸ்ஸும் சைக்கிளும்

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ரிஸ்வானா மிஸ். வவுனியாக்காரி, இப்போது தலைமையகத்தில் நடுக்கங்களின் இடம் கண்டுபிடிக்கிறவர். நிலம் உடைகிற இடத்திலிருந்து இரண்டு அலை ஒன்றாகப் புறப்படும், ஒன்று வேகம், மற்றது மெது என்று தொடங்கினார். வவுனியாவிலிருந்து ஒரே நேரத்தில் பஸ்ஸும் சைக்கிளும் வெளிக்கிட்டால் பக்கத்து ஓமந்தையில் கொஞ்சம்தான் முந்திப்பிந்தி வரும். கிளிநொச்சிக்கு வரும்போது பஸ்காரன் சாப்பிட்டு நித்திரையும் கொண்டிருப்பான். ஆகவே இடைவெளியைப் பார்த்தால் எவ்வளவு தூரத்திலிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

தூரம் தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்தத் தூரத்தில் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், நடுக்கம் அந்த வட்டத்தில் எங்கேயும் இருக்கலாம். இன்னும் இரண்டு நிலையங்கள் தங்கள் வட்டத்தைப் போட்டு, மூன்றும் வெட்டுகிற புள்ளிதான் இடம். ஒரு நிலையம் ஏன் போதாது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் மிஸ்ஸுக்குச் சலித்துவிட்டது. "ஒரு ஊரில மட்டும் விசாரிச்சு மாப்பிள்ளை எடுப்பாங்களா? மூண்டு ஊரில கேட்டாத்தான் ஆள் ஆரெண்டு தெரியும்."

கோடு விழாத நடுக்கம்

என் மனைவி தயாளினி ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டர் என்ற பெயரில் வருஷக்கணக்காக உழைத்து, நியமனம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் களைத்தவள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனாள். விமான நிலையத்தில் நான் அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவளுக்கு முதல் அழுதேன்.

போன புதிதில் ஒரு நாள் மூச்சு வாங்கப் போன் எடுத்தாள். அறை ஆடியதாம், அலுமாரிக் கதவு தானாகத் திறந்ததாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அங்கே உடைகிற நிலத்தின் அலை பூமிக்குள்ளால் ஓடி வன்னிக்கு வரப் பத்து நிமிஷம் எடுக்கும். பத்தும் போனது, அதற்கு மேலும் போனது, கோடு அசையவில்லை. அவளை ஆட்டியது சின்ன நடுக்கம், இவ்வளவு தூரம் வருவதற்குள் தேய்ந்துவிடும் என்று தொழில்காரனாக விளக்கம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "நான் இவ்வளவு நடுங்கிப்போய் நிக்கிறன், உங்களுக்கு ஒரு கோடும் விழேல்லையோ?"

வைக்காத போன்

அடுத்தது பெரிது. இல்லத்தில் இருந்த முதியவர்களை மேசைகளுக்குக் கீழே இருத்திவிட்டு, ஆட்டம் நின்ற கையோடு எடுத்தாள். எல்லாரும் சுகம் என்றாள். அலை இன்னும் வழியில் இருக்கிறது, இந்த முறை கட்டாயம் வரும் என்றேன். வரும்வரைக்கும் நிற்கிறேன் என்றாள். கோழி முட்டையிடுகிறதா, முருங்கையைக் குரங்கு முறித்ததா என்று ஊர்க்கதையெல்லாம் கேட்டாள். திரையில் கோடு துள்ளியதும் வந்துவிட்டது என்று சொன்னேன்.  அவளைத் தொட்டுவிட்டு வந்த ஒன்று அது. வந்துவிட்டதா என்று அவள் இன்னொரு முறை கேட்டாள். "என்ர காலுக்குக் கீழால போனது இப்ப உங்கட காலுக்குக் கீழால போகுது, என்ன? சரி, வைக்கிறன், கிழவியளைக் கட்டிலில ஏத்தோணும்."

வட்டத்தில் மூன்று இடம்

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அங்கே ஆடினால் உடனே எடுப்பாள். முதலில் போன் அடிக்கும், பிறகுதான் கோடு ஆடும். ஆடாத நாட்களில் எடுப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. வேலை முறை மாறிவிட்டது என்றாள், களைப்பு என்றாள். ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்க நெருங்க நான் அவள் வருகிற நாளைப் பற்றியே பேசினேன். அவள் பேச்சை மாற்றினாள். ஒரு கட்டத்தில் போனே இல்லை. அங்கே கொஞ்சம் ஆடினால் என்ன என்று நினைக்கிற மனுஷனாகிவிட்டேன். கோப்பை மட்டும் கிலுங்கினால் போதும், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

ஒரு பின்னேரம் போன் அடிக்காமலே கோடு துள்ளியது, திரை கொள்ளாத துள்ளல். நான் எடுத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தும் மணிதான் அடித்தது, ஆளில்லை. இரண்டாவது அலை வந்தபோது இடைவெளியைப் பார்த்தேன். அளக்கத் தேவையில்லை, மனப்பாடமான இடைவெளி அது, அவள் இருக்கிற தூரம். சுவரில் இருந்த உலகப் படத்தில் வட்டத்தை விரலால் போட்டேன். ஒரு பக்கம் ஜப்பான். அதே தூரத்தில் பப்புவாத் தீவு. மேற்கே திரும்பினால் அதே தூரத்தில் கிரேக்க நாடு. நிலம் முதலில் எந்தப் பக்கம் தள்ளியது என்று பார்த்துத் திசையை ஊகிக்கிற வித்தையும் உண்டு, அன்று வயலில் ஓடிய அறுவடை மிசினின் கிறுக்கலில் அதுவும் தெரியவில்லை. பிள்ளையாரே, மற்ற இரண்டு இடத்தில் ஒன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். அங்கேயும் யாரோ ஒருத்தி வேலைக்குப் போயிருப்பாள், அவளுக்கும் யாரோ போன் எடுத்துக்கொண்டிருப்பான் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டதைத் திருப்பி வாங்கவில்லை.

ரிஸ்வானா மிஸ்ஸுக்கு எடுத்தேன். மற்ற நாட்டு நிலையங்களின் கணக்கு வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்றார். எதற்கு அவசரம் என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். நான் போனைக் காதில் வைத்தபடி படத்துக்கு முன்னால் நின்றேன். "ஜப்பான் இல்லை. பப்புவாப் பக்கம், கடலுக்குக் கீழ நல்ல ஆழத்தில. ஆக்களுக்குச் சேதமெண்டு ஒரு செய்தியும் இல்லை. நீங்க முதல்ல அந்தக் கதிரையில இருங்க."

நிலம் ஆடாத அழைப்பு

பொழுது படுகிற நேரம் தயாளினி எடுத்தாள். போனைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு இறங்க வேண்டும், இப்போதுதான் பார்த்தாளாம். இத்தனை முறை எடுத்திருக்கிறீர்களே, என்ன நடந்தது என்று பயந்து கேட்டாள். வேறெங்கோ ஆடியது, நீ இருக்கிற அதே தூரம் என்று சொன்னேன்.  வந்துவிடு, எனக்கு இந்த வட்டமும் கோடும் போதும் என்றேன். இத்தனை காலத்தில் அதை அப்படி வெளிப்படையாகக் கேட்டது அன்றுதான்.

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். இங்கே வந்தால் திரும்பவும் தொண்டராகத்தானே நிற்க வேண்டும் என்று கேட்டாள். அது உண்மைதான் என்றேன். "இஞ்ச ஒரு நாள் நான் வராட்டி நாலு கிழவியள் என்ர பேரைச் சொல்லித் தேடுதுகள். அங்க நீங்கள் ஒராள்தான் தேடுவியள், அது எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன், இஞ்சருங்கோ. அதைச் சொல்ல ஏலாமத்தான் எடுக்காம இருந்தனான்."

உலகத்தின் எந்த மூலையில் நிலம் உடைந்தாலும் அது எவ்வளவு தூரம் என்று சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அந்தத் தூரத்தை ஒரு முழம் குறைக்கிற வேலைக்குத்தான் இன்னும் யாரும் ஆள் எடுக்கவில்லை.