பாஸ்டர் கேட்பதற்குள் முங்கிவிட்டாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வடகரையில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் பம்ப்செட் தொட்டி. தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் எங்கள் பாஸ்டர் ஐயா. அவருக்குப் பக்கத்தில் என் மனைவி சுகந்தி. சுற்றிலும் எங்கள் சபையார் எல்லோரும் பாட்டுப் பாடி முடித்துவிட்டு அமைதியாக நிற்கிறார்கள்.

பாஸ்டர் ஐயா மெல்ல அவள் தலையில் கையை வைத்தார். கேள்வி கேட்பதற்கு முன்னால் கண்ணை மூடினார்.

குபுக்!

ஆளைக் காணோம்.

ஐயாவின் கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது...

என்ன நடந்தது? சொல்கிறேன் பிள்ளைகளா. அதற்கு முன்னால் எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் பாப்டிஸ்ட். தென்காசியில் சின்ன சபை. என் மகள் ஜெபாவிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி கேட்டாளாம். “உங்க சபையில பிஷப் உண்டா?” கிடையாது. “பொறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா?” கிடையாது. “அப்பம் என்னதாம்ட்டி உண்டு?”

ஜெபா யோசித்துவிட்டு, “கூட்டம் உண்டு” என்றாளாம்.

சரியான பதில்! எங்கள் சபையில் எதற்கும் கூட்டம்தான். மேலே இருந்து உத்தரவு போட ஆள் கிடையாது. சபையாரே கூடிப் பேசி, ஜெபம் பண்ணி, கையைத் தூக்கி முடிவு செய்ய வேண்டும். சபைக்கு வெள்ளை பெயின்டா, கிரீம் கலரா என்று ஒரு முறை பேச ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாடே ஆறிப்போனது.

இன்னொன்று. எங்களிடம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குழந்தைக்காக ஜெபிப்போம், ஆசீர்வதிப்போம், அவ்வளவுதான். “நான் இயேசுவை நம்புகிறேன்” என்று ஒருவர் தானாகச் சொல்ல வேண்டும். அவருக்காக அப்பா சொல்ல முடியாது, அம்மா சொல்ல முடியாது. அப்படிச் சொன்ன பிறகு தண்ணீரில் முழுக்க முங்கி எழ வேண்டும். தெளித்தால் போதாது. முழுக்க!

சுகந்தி செங்கோட்டைக்காரி. அவள் பிறந்த வீட்டார் வேறு சபை. அங்கே குழந்தையிலேயே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். என் மாமனார் மாமியாரைப் போல ஜெபிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் ‘நாங்க மட்டும்தான் சரி’ என்று மார்தட்டுகிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. முங்கி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் கர்த்தருடைய பந்தியில், அதாவது திருவிருந்தில், அப்பத் துண்டும் திராட்சரசமும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால், பெண்கள் பக்கத்தில் அப்பத் தட்டு வரிசையாக வரும். சுகந்தி இரண்டு கையாலும் வாங்குவாள். பக்கத்தில் கொடுத்துவிடுவாள். எடுக்க மாட்டாள்.

ஜெபா கொஞ்சம் விவரம் தெரிந்ததும் கேட்டாள். “எம்மா, நான் சின்னப்பிள்ளை, எனக்குக் கிடையாது. நீயும் சின்னப்பிள்ளையா?”

சுகந்தி சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு நம்பிக்கை இல்லையா? என்னைவிட அதிகம்! குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது என்று சொல்ல மனசில்லையா? அதைப் பற்றி அவள் அப்பாவிடமே போய்ப் பேசினாள். அவரும், “ஒம்மனசாட்சி என்ன சொல்லுதோ அதைச் செய் மோளே” என்று சொல்லிவிட்டார். பிறகு என்னதான் தடை?

தண்ணீர்.

ஆமாம் பிள்ளைகளா. உங்கள் ஜெபா அக்காவின் அம்மாவுக்கு முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, அருவிக்குள் தலையைக் கொடுக்காத ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். சீசனுக்கு ஊரெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஓடும்போது, இவள் எல்லோருடைய துண்டையும் சோப்பு டப்பாவையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பாள்.

ஒரு நாள் ஜெபா முடிவு கட்டிவிட்டாள். “எம்மா, நான் ஒனக்கு டிரெய்னிங் தாரேன்.”

குளியலறையில் பெரிய வாளி. நிறையத் தண்ணீர். வாளிக்கு முன்னால் அம்மா முட்டி போட்டு உட்கார வேண்டும். ஜெபா தலையில் கையை வைப்பாள். வைத்த உடனே மூச்சைப் பிடித்து முகத்தை உள்ளே விட வேண்டும். இதுதான் பாடம்.

முதல் நாள் தண்ணீர் மூக்கைத் தொட்டதுமே சுகந்தி வெளியே ஓடிவந்துவிட்டாள். இரண்டாவது நாள் வாளி கவிழ்ந்தது. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

“யோசிக்காத எம்மா! யோசிச்சா பயம் வந்துரும். கை பட்டதும் முங்கு!”

“கொஞ்சம் பொறுட்டி, மூச்சு வாங்குது.”

“கை பட்டதும்!”

நாளாக ஆக, கை பட்டால் போதும், ‘குபுக்’ என்று முகம் உள்ளே போய்விடும். என் கடையில் மோட்டாருக்குச் சுவிட்ச் போடுகிற மாதிரி! பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். எனக்கு வேறு உவமை தெரியாது.

சபைக் கூட்டத்தில் சுகந்தி எழுந்து நின்று, தான் இயேசுவை நம்பின கதையைச் சாட்சியாகச் சொன்னாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பெயின்ட் விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள்கூட!

எங்கே வைத்து ஞானஸ்நானம்? குற்றாலத்து ஆற்றிலா? இது சீசன் நேரம். கூட்டமோ கூட்டம். வெள்ளம் வந்தால் போலீஸ் விசில் வேறு. அதனால் வழக்கம் போல வடகரை மாடசாமி அண்ணாச்சியின் தொட்டிதான். அவர் மோட்டார் பழுதானால் என் கடைக்குத்தான் வரும். அண்ணாச்சி கும்பிடுவது ஆய்க்குடி முருகனை. ஆனாலும் எங்களுக்கு ஞானஸ்நானம் என்றால் முந்தின நாளே தொட்டியில் பாசி போகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவார். “வழுக்கி விழுந்தா ஒங்க சாமி என்னையலா கேக்கும்” என்பார்.

இப்போது தொட்டிக்கு வருவோம்.

பாஸ்டர் ஐயா தலையில் கையை வைத்தது, கேள்வி கேட்பதற்கு முன்னால் அமைதியாக ஒரு நிமிடம் ஜெபிக்கத்தான். சுகந்திக்கு அது தெரியுமா? தெரியும். ஆனால் அவள் தலைக்குத் தெரியாதே! கை பட்டது... குபுக்!

எழுந்தாள். முகமெல்லாம் முடி. இருமினாள். “முடிஞ்சிட்டா ஐயா?”

“நான் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!”

தோப்பே சிரித்தது. ஜெபா மட்டும் சிரிக்கவில்லை. “என்னாலதான்... என்னாலதான்...” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே தொட்டிக் கரையில் என்ன ஆரம்பித்தது? வேறென்ன — கூட்டம்!

மாடசாமி அண்ணாச்சிதான் முதலில் பேசினார். “அதாம் முழுசா முங்கிட்டாவள்லா? ஒரு முடிகூட வெளிய தெரியலையே. பெறவென்ன?”

எங்கள் சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூத்த டீக்கன் தங்கராஜ் அண்ணாச்சி தலையை ஆட்டினார். “அது செல்லாது. கேள்வித்தாளைக் குடுக்கதுக்கு முன்னாலயே பரீட்சை எழுதுன மாதிரிலா இருக்கு!”

“பதில் சரியாத்தானே இருக்கு?” என்றார் மாடசாமி அண்ணாச்சி விடாமல்.

“அண்ணாச்சி, அவ என்ன நம்புதாங்கத ஊரறியச் சொல்லணும். பெறவுதான் தண்ணி. சொல்லாம முங்குனா அது குளிப்பு.”

இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். பாஸ்டர் ஐயா இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார். மேற்கே இருந்து சாரல் காற்று வேறு. சுகந்திக்குப் பல் கிட்டியது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூக்கில் தண்ணீர் ஏறிக் கண் சிவந்துவிட்டது அவளுக்கு. ஒரு தடவை முங்கியதே பெரிய காரியம். இன்னொரு தடவையா? அதுவும் இத்தனை பேர் சிரித்த பிறகு? கரையில் குனிந்து, “முடியலைன்னா ஏறிரு சுகந்தி. வேற ஒரு நாள் பாத்துக்கிடுவோம்” என்றேன்.

அவள் முடியை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். “இப்பம் ஏறுனா இனிமே நான் எறங்க மாட்டேங்க. என்னைய எனக்குத் தெரியும்.”

பிறகு எல்லோரையும் பார்த்து, “நீங்க சாயங்காலம் வரைக்கும் பேசுங்க. எனக்குக் குளிருது. ஐயா, நீங்க கேளுங்க. நான் சொல்லுதேன். பெறவு முங்குதேன்.”

கூட்டம் முடிந்தது!

ஐயா கேட்டார். “நீ இயேசு கிறிஸ்துவை உன் சொந்த இரட்சகராக நம்புகிறாயா?”

“நம்புகிறேன்.”

பக்கத்துத் தோப்புக்குக் கேட்டிருக்கும்.

இந்த முறை ஐயா உஷார். தலைப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. தோளையும் முதுகையும் பிடித்துக்கொண்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, மெல்லச் சாய்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தண்ணீர் மூடியது. எழுந்தபோது இருமலே இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்தாள்!

மாடசாமி அண்ணாச்சி என் காதருகே வந்து, “ரெண்டு மட்டம் முங்கிருக்காவ. ஒண்ணைக் கணக்குல வரவு வச்சுக்கிடுங்க” என்றார்.

துணி மாற்றிக்கொண்டு எல்லோரும் தென்காசிக்கு வந்தோம். அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனையில் பந்தி. பெண்கள் பக்கத்தில் தட்டு வந்தது. நான் ஆண்கள் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன்.

சுகந்தி இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். எத்தனை வருடப் பழக்கம்... அப்படியே ஜெபாவிடம் கொடுத்துவிட்டாள்!

“எம்மா! நீ எடுக்கலையே!”

குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில், ஜெபாவின் குரல் கூரை வரைக்கும் போனது. தங்கராஜ் அண்ணாச்சிகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஜெபா தட்டை அம்மாவிடம் திருப்பி நீட்டினாள். சுகந்தி வாங்கினாள். ஒரு சின்னத் துண்டு எடுத்தாள். தலை குனிந்தாள். ஜெபா தட்டை அடுத்த ஆளிடம் கொடுத்தாள் — தான் எடுக்காமல்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெபா கேட்டாள். “எப்பா, எனக்கு எப்பம்?”

“நீயா நம்பிச் சொல்லுத அன்னைக்கு.”

“இப்பமே சொல்லிட்டா?”

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. பத்து வயதில் ஒரு பிள்ளை ‘நம்புதேன்’ என்றால் அது போதுமா, இன்னும் கொஞ்சம் வளர வேண்டுமா? எங்கள் சபையில் இதற்கு மட்டும் கூட்டம் போட்டால் சாப்பாடு ஆறாது, ஊசியே போய்விடும்.

“பாஸ்டர் ஐயாட்ட கேளு” என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளா, ஒரு ரகசியம் — ‘அவங்ககிட்ட கேளு’ என்று உங்கள் அப்பா சொன்னால், அவருக்குப் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். விடாமல் கேளுங்கள்!