அக்காவுக்கு மூச்சடைத்த முக்கால் மணி நேரம்

என் அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். காலர் வேலை முழுதும் அவள் பொறுப்பு. ஆறு மெஷின்கள் ஓடும் அந்த அறையில் யார் வைத்த காலர் கோணினாலும் சட்டை அவள் மடிக்குத்தான் வந்து சேரும். பிரித்துத் தைத்துக்கொண்டே, கோணலாகத் தைத்தவளின் பரம்பரையையே இழுத்துப் பேசுவாள். கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு வருடம் முன்பு இந்த ரேடியோவுக்கு முதல்முறையாக நெஞ்சடைப்பு வந்தது. "ஐயோ, நான் போயிட்டேன்டி" என்று அலறியபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆஸ்துமாவா என்று பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. பயத்தால் வரும் படபடப்பு என்றார் டாக்டர். வந்தால் உட்கார வைத்து, மெதுவாக எண்ணி மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தார். "வழக்கமா வர்ற மாதிரி இல்லாம வேற மாதிரி இருந்தா, யோசிக்காம கூட்டிட்டு வந்துடுங்க" என்றும் சொன்னார். முதல் பாதியை வீடே மனப்பாடம் செய்தது. இரண்டாம் பாதியை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டோம்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறையாவது வரும். மூச்சு வரவில்லை என்பதையே மூச்சு விடாமல் சொல்லுவாள். பீரோ சாவி எங்கே இருக்கிறது, பட்டுப்புடவை யாருக்கு, மாமா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் எப்படிப்பட்டவளைக் கட்டக் கூடாது என்று பட்டியல் நீளும். மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், எதிரில் உட்கார்ந்து "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணுவார். இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். கீழ் வீட்டில் இருக்கும் நான் சிரித்துக்கொண்டே படியிறங்குவேன்.

போன மாதம் கடை வாசலில் கால் பிசகிக் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டார்கள். விரல்களை ஆட்டச் சொன்னார்கள், ஊன்றுகோலைப் பிடித்து அடிக்கடி நாலு எட்டு நடக்கச் சொன்னார்கள். கேட்டால்தானே! பள்ளிகள் திறக்கும் நேரம், மெஷின் மிதிக்க முடியாவிட்டால் என்ன என்று சட்டை மூட்டைகளை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டாள். காலை ஸ்டூலில் நீட்டிவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பட்டன் தைத்தாள். எழுந்து நட என்றால், "இந்த டஜனை முடிச்சிட்டு எழுந்திருக்கேன்" என்பாள். அந்த டஜன் முடியவே முடியாது.

மூன்று வாரம் ஆகியிருக்கும். காலை ஏழரை மணிக்கு மாமா மாடியிலிருந்து கூப்பிட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அக்கா நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மாமா எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரம் காலமே கிடையாதா உனக்கு? எனக்கு பஸ் போயிடும்."

"இது... அது இல்லடி" என்றாள்.

"ஆமா, ஒவ்வொரு தடவையும் இது அது இல்லதான். கண்ணை மூடிக்கிட்டு மாமா எண்ணுறதைக் கேளு."

மாமா எண்ணினார், எண்ணினார், தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எண்ணினார். என் பஸ் போய்விட்டது. பஸ் போன ஆத்திரத்தையும் அவள் தலையில்தான் கொட்டினேன். மூட்டை மூட்டையாகச் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டால் நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும் என்றேன். நடிப்பதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்றுகூடக் கேட்டேன்.

பிறந்ததிலிருந்து நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிறவள், என்னைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பட்டியலே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா, எண்ணுறதை நிறுத்துங்க. அக்கா, பீரோ சாவி எங்க வெச்சிருக்க?"

"தெரி..." அதற்குமேல் வரவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் வலப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டாள். "குத்துது." உதடு வெளுத்து நீலம் பாரித்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் எட்டே கால். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது எனக்கு எங்கள் வீட்டு நம்பரே மறந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஈசிஜி பார்த்து, இது மாரடைப்பு மாதிரி தெரியவில்லை என்றார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட பெண் டாக்டர், ஆஸ்துமா இழுப்பும் இல்லை என்றார். அப்புறம் அவர் பார்வை மாவுக்கட்டின் மேல் போனது.

"கெண்டைக்கால் வலிச்சுதாம்மா?"

"மூணு நாளா" என்றாள் அக்கா.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா... புதுசா ஒன்னு கிளப்பிட்டான்னு... சிரிப்பாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாவுக்கட்டை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே கால் வீங்கிச் சிவந்திருந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து சொன்னார்கள்: அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மேலே போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது என்று மாமாவிடம் தனியாகச் சொன்னார்களாம். அவர் என்னிடம் சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் காலை அக்காவுக்குக் கண் தெளிந்திருந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்றார் நர்ஸ். பெரிய டாக்டர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

"மூச்சடைப்பு எப்ப ஆரம்பிச்சது? எவ்வளவு நேரத்துல கிளம்பினீங்க?"

நான் வாயெடுக்கும் முன் அக்கா ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினாள். "ஆரம்பிச்ச உடனே கூட்டிட்டு வந்துட்டாங்க டாக்டர். என் தங்கச்சிதான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

டாக்டர் எழுதப் போனார்.

"இல்ல டாக்டர், பொய் சொல்றா" என்றேன். "ஏழரைக்கு ஆரம்பிச்சது. முக்கால் மணி நேரம் நான் இவளைத் திட்டிக்கிட்டு நின்னேன். அதையே எழுதுங்க."