லாபம் என்று எழுதிய வரி

எனக்குச் சீராக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்தான் எங்கள் வட்டை, வயல்வெளி. விதைப்புக்கு முன் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பொறுப்பானவர் ஒரு வரி எழுதி அனுப்புவார். முதல் வயலுக்கு எத்தனை மூட்டை விதைநெல், அடுத்ததற்கு எத்தனை என்று, வயல்கள் கிடக்கும் ஒழுங்கிலேயே இருக்கும். அதை வாசித்து, மூட்டை ஏற்றிப்போகும் உழவு இயந்திரக்காரருக்குச் சொல்வது பல வருடமாக என் வேலை. கூட்டத்தில் வாய் திறக்காத எனக்கு இருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

போன விதைப்புக்கு என் தம்பியின் மகள், கணினி படித்தவள், ஒரு புரோகிராம் செய்தாள். போனில் வரும் வரியை அதில் போட்டால் எண்களைப் பிரித்து அடுக்கிவிடும். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“ஆக்கள் எழுதுறத அப்படியே நம்பப்படா, மாமி. இது இலக்கத்த மட்டும் எடுக்கும், மத்ததத் தள்ளிப்போடும்” என்றாள்.

“எங்கட ஆக்களையே நம்பமாட்டாவாம்” என்று அவள் தாயிடம் முணுமுணுத்தேன்.

“மச்சாளுக்கு எரியிது போல!” என்று சிரித்தாள் தாய்.

கடைசி வாய்க்காலின் வரி இப்படி வந்தது: 3, லாபம், 4, 2. களத்தில் நெல் அளக்கும்போது நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். அந்த வாய்க்காலுக்குப் பொறுப்பான கிழவர் எழுதும்போதும் அப்படித்தான். புரோகிராம் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு 3, 4, 2 என்று அடுக்கியது. இரண்டாம் வயலுக்கு நான்கு, மூன்றாம் வயலுக்கு இரண்டு, நான்காம் வயலுக்கு ஒன்றுமில்லை.

நான் கண்டேன். சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் அவள் தலை குனியட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை மூட்டை ஏற்றும்போது நான்காம் வயல்காரி வந்தாள். புருஷனை இழந்தவள்; மழைக்கு முன் விதைக்காவிட்டால் அந்தப் போகமே அவளுக்கு இல்லை. வழக்கம்போல நேரே என்னிடம்தான் வந்தாள்.

“என்ட மூட்டை எது அக்கா?”

“நிப்பாட்டுங்க, வரிசை பிழை. நேத்தே கண்டனான்” என்றேன்.

“நேத்தேயா? ஏன் மாமி சொல்லல்ல?” என்றாள் தம்பி மகள். பிறகு மூட்டையொன்றில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தத் தொடங்கினாள்.

“லாபமெண்டா ஒண்டு எண்டு சொல்லிக்குடன் புள்ள” என்றார் உழவு இயந்திரக்காரர்.

“அது போதா. நாளைக்கு வேற ஒண்ட எழுதுவாங்க. தெரியாத சொல் வந்தா இனித் தள்ளாது, ஊகிக்கவும் மாட்டாது. முழு வரியையும் நிப்பாட்டும். இலக்கங்கள் வயல் கணக்குக்குக் குறைஞ்சாலும் நிப்பாட்டும். எழுதின ஆளிட்டக் கேட்டுத்தான் மறுகா ஏத்துறது.”

“கெட்டிக்காரி!” என்றார்கள் எல்லோரும், அவளைத்தான்.

புரோகிராம் நிறுத்தும் வரிகளைப் பற்றி இப்போது நான்தான் போன் எடுத்துக் கேட்கிறேன். ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அன்று அவள் என்னைத் திட்டாமல் விட்டதற்கும் சேர்த்து எரிகிறது.

மேலே எழுதிய லாபம் வரியின் கடைசி எண் இரண்டா மூன்றா என்று எனக்குத் திடமில்லை. அவள் போனில் இருக்கும். யாராவது கேட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள். என்னால் அவளிடம் கேட்க முடியாது.