வயிற்றைக் காயப்போட்டவள்

என் மூத்தவள் யாழினிக்கு முதலில் வந்தது வெறும் வாந்திதான். அப்போது அவளுக்கு இரண்டு வயது. எங்கள் வீடுகளில் இதற்கு வைத்தியம் கேட்டு யாரும் எங்கும் போவதில்லை. வயிற்றைக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். நானும் போட்டேன். பகல் முழுக்கப் பாலுக்குக் கை நீட்டினாள். தண்ணீர் மட்டும் கொடுத்தேன். சாயங்காலம் அழுகை அடங்கியதும் வயிறு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். விதி என்றார்கள். நீ என்ன பண்ணுவ பாவம் என்றார்கள். நம்பினேன். நம்பி மூன்று வருடம் நன்றாகவே தூங்கினேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இளையவள் கயலுக்கு ஒன்றரை வயதில் அதே வாந்தி. மதியத்துக்குள் தலை தொங்கிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் சாரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற ஏறக் கண் திறந்தாள். மூத்தவள் போனதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"வாந்தி எடுத்தப்புறம் என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். வயித்தக் காயப்போட்டுட்டேன்." பொறுப்பான தாய் என்று பெயர் வாங்கப்போகிறவள் மாதிரிதான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "மொத குழந்தைக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

ரத்தச் சோதனை முடிவு வந்த பிறகு விளக்கினார். சாப்பிடாத நேரத்தில் உடம்பு முதலில் கிளைகோஜனைச் (கல்லீரல் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை) செலவழிக்கும். அது தீர்ந்ததும் கொழுப்பை எடுக்கும். அதை எரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் இருக்கும் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்). அங்கே கொழுப்பைத் துண்டாக்கும் ஒரு நொதி (உடம்பின் வேதிவேலைகளை நடத்தும் புரதம்) என் பெண்களுக்குப் பிறவியிலேயே சரியாக இல்லை. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது, ரெகுலேட்டர் இல்லை.

யாழினி கொழுகொழுவென்று இருப்பாள். உப்பளத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனால், கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்துத்தான் தெருவில் இறக்குவேன். அத்தனை கொழுப்பையும் உடம்பில் வைத்துக்கொண்டு அவள் பசியால் செத்தாள். பட்டினி போட்டது நான்.

இதே நோயுள்ள குழந்தையை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நேரம்தான். டாக்டர் குறித்துக்கொடுத்த இடைவெளி தாண்டாமல் ஊட்டுங்கள். சாப்பாடு தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எவர் வந்து சொன்னாலும் காயப்போடாதீர்கள். கயலுக்கு இப்போது நான்கு வயது. கடிகாரம் பார்க்காமலே எனக்கு அவளுடைய நேரம் தெரிகிறது. என் பசிதான் எனக்குத் தெரிவதில்லை.

போன மாதம் யாழினிக்குப் படையல். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, காக்கை வந்து எடுக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை போடக்கூடாது. ஒன்பது மணிக்கு, படையலுக்கு வடித்த சோற்றிலிருந்தே எடுத்துக் கயலுக்கு ஊட்டினேன்.

"ஏண்டி, செத்த புள்ள பசியோட நிக்குதுடி," என்றார் மாமியார்.

"நிக்கட்டும் அத்த. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டுக் கயலின் வாயைத் துடைத்தேன். காக்கை பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கயலுக்கு அடுத்த வேளைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.